நோயியல் துறையில் எது செய்தி?

எந்தப் பல்கலைக்கழகத் துறையாக இருந்தாலும் செய்திமடல் தொகுக்கும் வேலை புதிதாகச் சேர்ந்தவர் தலையில்தான் விடியும். நோயியல் துறையில் நான் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தபோதும் அப்படித்தான் நடந்தது. "பெரிய வேலை ஒன்றுமில்லை, வருகிற படங்களை வரிசையாகப் போட்டால் போதும்" என்றார் அதுவரை அதைப் பார்த்துவந்தவர். பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்தேன். அவர் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. மாநாட்டு மேடை, சான்றிதழ், கைகுலுக்கல், மறுபடியும் மாநாட்டு மேடை.

முதல் இதழ் வெளியான வாரத்தில் அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் தாழ்வாரத்தில் என்னை நிறுத்தினார். "உங்கள் துறையில் பரிசு வாங்காத ஆளே இல்லை போலிருக்கிறது, டாக்டர். அதனால் என் நோயாளியின் ரிப்போர்ட்டில் என்ன மாறியது?" கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் கேள்வி சரியான கேள்வி. அன்றிலிருந்து அதையே சல்லடையாக வைத்துக்கொண்டேன். யார் என்ன செய்தி கொண்டுவந்தாலும், "இதனால் நாம் வெளியிடும் ரிப்போர்ட்டில் எந்த வரி மாறும்?" என்று கேட்பேன். பதில் இருந்தால் முதல் பக்கம். இல்லாவிட்டால் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்து. இதனால் சிலருக்கு என்மேல் வருத்தம் வந்தது. வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெளியில் இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். நோயியல், அதாவது பத்தாலஜி என்றாலே ரத்தப் பரிசோதனை என்று நினைப்பவர்கள் அதிகம். உடலிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு திசுவும், ஊசிமுனை அளவு பயாப்சி முதல் முழு உறுப்பு வரை, எங்கள் மேசைக்கு வருகிறது. புற்றா இல்லையா, எந்த வகை, எவ்வளவு பரவியிருக்கிறது, எந்த மருந்துக்கு வாய்ப்பு இருக்கிறது என்பதை மைக்ரோஸ்கோப்பின் கீழ் பார்த்து எழுதுகிறவர்கள் நாங்கள். ஆகவே எங்கள் துறையில் நடக்கும் ஆராய்ச்சி, வேறு எங்கும் சுற்றாமல் நேராக ஒரு மனிதரின் சிகிச்சைத் தாளில் போய் உட்காரக்கூடியது. அப்படி உட்கார்ந்ததா என்பதைச் சொல்லாத செய்திமடலை யார் படிப்பார்கள்?

சல்லடையில் முதலில் தேறியது மார்பகப் புற்றுநோய் பற்றிய செய்தி. என்னிடம் வந்தபோது அது ஒரே வரிதான்: "ஹெர்-2 மறுமதிப்பீட்டு ஆய்வு நடைபெற்று வருகிறது." எழுதியவரிடம் போய் உட்கார்ந்து கேட்டபோதுதான் உள்ளே இருந்த விஷயம் வெளியே வந்தது.

ஹெர்-2 என்பது செல்லின் மேலுறையில் இருக்கும் ஒரு புரதம். அதைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைத் திசுமேல் ஊற்றிப் பழுப்பு நிறம் வரவழைத்து 0, 1+, 2+, 3+ என்று மதிப்பெண் போடுகிறோம். 3+ என்றால் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் கம்பிவலை விரித்ததுபோல் அடர் பழுப்பு தெரியும். அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. 2+ வந்தால் மரபணுப் பிரதிகள் பெருகியிருக்கின்றனவா என்று தனிப் பரிசோதனை செய்வோம். 0, 1+ இரண்டும் நெகட்டிவ். இரண்டுக்கும் சிகிச்சை ஒன்றாகவே இருந்ததால் அவற்றுக்கு இடையிலான கோட்டைப் பற்றி நெடுங்காலம் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட செல்களில் அரைகுறையாக, மங்கலாக நிறம் ஏறியிருந்தால் 1+; அதற்குக் கீழே என்றால் 0. இது என்ன பெரிய வித்தியாசம் என்றுதான் இருந்தோம்.

2022-இல் டெஸ்டினி-பிரெஸ்ட்04 ஆய்வின் முடிவு வந்தது. 1+ மதிப்பெண் பெற்றவர்கள், 2+ பெற்றும் மரபணுப் பெருக்கம் இல்லாதவர்கள் ஆகியோரில் நோய் பரவிய நிலையில் இருந்த 557 பேர் அதில் இருந்தார்கள். ஹெர்-2 புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டீகான் என்ற மருந்தைப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 23.4 மாதம், வழக்கமான கீமோதெரபி பெற்றவர்களுக்கு 16.8 மாதம். அதுவரை அலட்சியமாகப் போட்டுவந்த கோடு ஒரே நாளில் மருந்து கிடைக்குமா கிடைக்காதா என்பதைத் தீர்மானிக்கும் கோடாகிவிட்டது. 2024-இல் வந்த அடுத்த ஆய்வு, 0 என்ற வகைக்குள்ளேயே மிக மங்கலான நிறம் இருப்பவர்களைத் தனியாகப் பிரித்தெடுத்துச் சேர்த்துக்கொண்டது. கோடு இன்னும் கீழே இறங்கியது.

எங்கள் துறையில் செய்தது இதுதான்: பழைய ஸ்லைடுகளை எடுத்து, பழைய ரிப்போர்ட்டை மறைத்து, பலரிடம் தனித்தனியாக மறுபடி மதிப்பெண் போடச் சொன்னார்கள். 3+ ஸ்லைடுகளில் கருத்து வேறுபாடே இல்லை. 0-வுக்கும் 1+-க்கும் நடுவில்தான் ஆளுக்கு ஒரு முடிவு. ஒரே ஆள் வேறொரு நாளில் பார்த்தபோதுகூட முடிவு மாறிய ஸ்லைடுகள் இருந்தன. முதுநிலை மாணவர் ஒருவர் 20 மடங்கு லென்சிலேயே முடிவு சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்தவர் 40-க்கு மாற்றியதும் மங்கலான பழுப்பு தெரிந்தது. இதைத்தான் செய்தியாக்கினேன். ஆய்வு நடைபெறுகிறது என்று எழுதவில்லை. "மங்கலான நிறம் எந்த லென்சில் தெரிந்தது என்பதைப் பாருங்கள், 0 போடுமுன் 40-இல் ஒருமுறை சுற்றிவாருங்கள், எல்லைக்கோட்டில் நிற்பதை இரண்டாவது ஆளிடம் காட்டுங்கள்" என்று எழுதினேன். அந்தப் பக்கத்தை யாரோ கிழித்து மைக்ரோஸ்கோப் அறைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். எனக்கு அதுவே போதும்.

இந்தச் செய்தியை எழுதும்போது நான் கற்றுக்கொண்ட ஒன்றை இளையவர்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். "இருவரும் 82 சதவீதம் ஒத்துப்போனார்கள்" என்று யாராவது சொன்னால் உடனே கைதட்டாதீர்கள். நூறு ஸ்லைடில் தொண்ணூறை நெகட்டிவ் என்று சொல்லும் இருவர், கண்ணை மூடிக்கொண்டு தனித்தனியே குறித்தாலும் சராசரியாக 82-இல் ஒத்துப்போவார்கள். இருவரும் நெகட்டிவ் என்பதற்கு 0.9 பெருக்கல் 0.9, இருவரும் பாசிட்டிவ் என்பதற்கு 0.1 பெருக்கல் 0.1, கூட்டினால் 0.82. குருட்டாம்போக்கில் வரும் இந்த ஒற்றுமையைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொல்வதுதான் காப்பா மதிப்பு. துறைக்குள் வரும் ஒத்திசைவு ஆய்வு எதுவாக இருந்தாலும் காப்பா எவ்வளவு என்று கேளுங்கள். கணக்கிடவில்லை என்று பதில் வந்தால், கணக்கிட்டபின் செய்தி போடலாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம்.

அடுத்து, செய்தி எங்கே கிடைக்கும் என்ற விஷயம். பேராசிரியர்களின் அறைகளில் கிடைப்பது பெரும்பாலும் வெளியான கட்டுரைகளின் பட்டியல். உண்மையான சங்கதி வேண்டுமென்றால் திசு வெட்டும் அறைக்குப் போகவேண்டும். எங்கள் மூத்த டெக்னீஷியன் அம்மா அதிகம் பேசமாட்டார். திசுவைப் புதைத்த மெழுகு பிளாக்கை ஐஸ் தட்டில் குளிரவைத்து, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் பூட்டி, சக்கரத்தைச் சுற்றுவார். மூன்று, நான்கு மைக்ரோமீட்டர் தடிமனில் மெழுகு நாடா நெளிந்து வரும். தூரிகையால் அதை ஏந்தி வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் ஸ்லைடைச் சாய்வாக நுழைத்து அள்ளுவார். ஒருநாள் நான் பக்கத்தில் நின்றிருந்தபோது ஒரு பிளாக்கின் நாடா நடுவில் மட்டும் திரும்பத் திரும்பப் பிய்ந்தது.

"இது ஃபார்மலின் உள்ளே போகாத துண்டு, டாக்டர். கத்தி படும்போதே கைக்குத் தெரிந்துவிடும்" என்றார்.

"அடிக்கடி வருகிறதா, அம்மா?"

"வார இறுதிக்கு முந்தைய மாலையில் எடுத்தவற்றில் அதிகம்."

அவர் ஒரு நோட்டில் குறித்தும் வைத்திருந்தார். பிளாக் எண், தேதி, 'நடுவில் வேகவில்லை' என்ற குறிப்பு. அந்த நோட்டை யாரும் அதுவரை கேட்டதில்லை.

காரணம் எளிமையானது. திசு கெடாமல் பதப்படுத்த நாங்கள் பயன்படுத்தும் பத்து சதவீத ஃபார்மலினில் ஃபார்மால்டிஹைடு ஏறத்தாழ நான்கு சதவீதம்தான். அது திசுவுக்குள் மணிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வேகத்தில்தான் நுழையும். கொழுப்பு நிறைந்த மார்பகத் திசுவில் இன்னும் மந்தம். முழு உறுப்பை அப்படியே டப்பாவில் போட்டு இரண்டு நாள் வைத்தால் வெளிப்புறம் பதப்பட்டு, நடுப்பகுதி தன்னைத்தானே சிதைத்துக்கொண்டிருக்கும். நிறமேற்றும்போது, மருந்தைத் தீர்மானிக்கும் ஹார்மோன் ஏற்பிகள் இருந்தும் இல்லாததுபோல் தெரியலாம். அதனால்தான் மார்பகத் திசு உடலைவிட்டு வெளியே வந்து ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினுக்குப் போகவேண்டும், அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் இருக்கவேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன.

நோட்டில் இருந்ததைத் தேதிவாரியாக அடுக்கி ஒரு பக்கச் செய்தியாக்கினோம். கூடவே ஒரு வேண்டுகோள்: வார இறுதிக்கு முன் எடுக்கும் பெரிய திசுவை அறுவை அரங்கிலேயே வைத்துவிடாதீர்கள், தகவல் சொன்னால் பணியில் இருக்கும் எங்கள் ஆள் விளிம்புகளுக்கு மை பூசி, ஃபார்மலின் உள்ளே போகும்படி கீறி வைப்பார். அறுவை நிபுணர்கள் தாங்களே கீறிவிடக்கூடாது என்பதையும் சேர்த்தோம். மை பூசாமல் கீறினால் எது உண்மையான விளிம்பு என்று பிறகு யாராலும் சொல்லமுடியாது. கோரிக்கைப் படிவத்தில் திசு எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம் என்று இரண்டு கட்டங்கள் சேர்ந்தன. என் பொறுப்பில் வந்த இதழ்களில் அதிகத் தொலைபேசி அழைப்புகள் வந்தது இதற்குத்தான். டெக்னீஷியன் அம்மாவின் பெயரை முதல் பெயராகப் போட்டேன். ஒரு பேராசிரியர் புருவத்தை உயர்த்தினார். தரவு யாருடையது என்று திருப்பிக் கேட்டேன். பேச்சு அதோடு நின்றது.

செயற்கை நுண்ணறிவுச் செய்திகள் தனி ரகம். ஏதாவது ஒரு குழு 'மருத்துவரை மிஞ்சிய கணினி' என்ற தலைப்போடு வந்து நிற்கும். அவர்களிடம் நான் காட்டுவது 2017-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த கேமலியான்16 போட்டியின் முடிவைத்தான். மார்பகப் புற்று நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் போட்டி அது. சோதனைக்கு 129 ஸ்லைடுகள். முதலிடம் பெற்ற கணினி நிரலின் திறன் அளவு 0.994 (1 என்றால் முழுமை); பதினொரு நோயியல் மருத்துவர்களின் சராசரி 0.810. இவ்வளவுதான் தலைப்புச் செய்திகளில் வந்தது. அந்தப் பதினொரு பேருக்கும் 129 ஸ்லைடையும் பார்க்க ஒதுக்கப்பட்டது சுமார் இரண்டு மணி நேரம், அதாவது ஒரு ஸ்லைடுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. நேரக் கட்டுப்பாடு இல்லாமல் அதே ஸ்லைடுகளைப் பார்த்த மருத்துவரின் அளவு 0.966. நிரல் சாதித்தது உண்மைதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லாமல் அந்தச் செய்தியைச் சொல்லக்கூடாது.

எங்கள் துறைக் குழுக்களிடம் இதே தினுசில் கேட்கத் தொடங்கினேன். ஸ்லைடுகள் ஒரே மருத்துவமனையினுடையவையா? ஒரே ஸ்கேனரில் எடுத்தவையா? ஒரே நோயாளியின் ஒரு ஸ்லைடு பயிற்சிக்கும் இன்னொன்று சோதனைக்கும் போய்விட்டதா? அப்படிப் போயிருந்தால் நிரல் நோயைக் கற்றதா அந்த ஆளின் திசுவைக் கற்றதா என்று சொல்ல வழியில்லை. புற்று உள்ள இடத்தைச் சுற்றி மருத்துவர்கள் பேனாவால் புள்ளி வைக்கும் பழக்கம் உண்டு. அந்த மையைத் துடைக்காமல் ஸ்கேன் செய்தால் நிரல் மையைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரனாகிவிடும். ஒரு குழுவினர் இந்தக் கேள்விகளுக்குப் பிறகு செய்தியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, வேறொரு மையத்தின் ஸ்லைடுகளில் சோதித்துவிட்டு வந்தார்கள். திறன் அளவு குறைந்திருந்தது, இரண்டாவது மையத்தின் நிறம் சற்று ஊதாவாக இருந்ததுதான் காரணம் என்று அவர்களே கண்டுபிடித்திருந்தார்கள். முதலில் கொண்டுவந்ததைவிட அது எவ்வளவோ நல்ல செய்தி.

தோல்வியைப் போடுவதில்தான் எனக்கும் துறைத்தலைவருக்கும் இழுபறி. எலும்புக்குப் பரவிய புற்றிலிருந்து டி.என்.ஏ. எடுத்து மரபணு வரிசை பார்க்கும் திட்டம் ஒன்று படுத்துவிட்டது. எலும்பை வெட்டுவதற்கு முன் சுண்ணாம்புச் சத்தை நீக்கி மென்மையாக்கவேண்டும். வீரியமான அமிலத்தில் போட்டால் வேலை சீக்கிரம் முடியும், டி.என்.ஏ.வும் சேர்ந்து நொறுங்கிவிடும். ஈ.டி.டி.ஏ. என்ற மென்மையான வேதிப்பொருளின் கரைசலில் போட்டால் நாள் பிடிக்கும், டி.என்.ஏ. தப்பிக்கும். பாடப்புத்தகத்தில் இருப்பதுதான், ஆனால் திட்டம் தொடங்கியபோது பழைய பிளாக்குகள் எந்தக் கரைசலில் ஊறியவை என்று யாரும் விசாரிக்கவில்லை. "இதைப் போய் அச்சடிப்பதா?" என்றார் துறைத்தலைவர். இதே பிளாக்குகளை எடுத்து அடுத்த குழுவும் பணத்தைக் கரைக்கும் என்று சொன்னேன். கடைசியில் 'செயல்முறை மாற்றம்' என்ற சாதுவான தலைப்பில் வந்தது: இனி மூலக்கூற்றுப் பரிசோதனை தேவைப்படக்கூடிய எலும்புத் துண்டுகள் ஈ.டி.டி.ஏ.வில் மட்டும், பயன்படுத்திய கரைசலின் பெயர் ரிப்போர்ட்டில் இடம்பெறும். தலைப்பை விட்டுக்கொடுத்தால் உள்ளடக்கத்தைக் காப்பாற்றலாம் என்ற சூத்திரம் அன்றிலிருந்து எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

'இந்த மாத ஸ்லைடு' என்ற பகுதியை நான் விரும்பித் தொடங்கினேன். 1979-இல் ராபின் வாரன் என்ற நோயியல் மருத்துவர் வழக்கமான இரைப்பை பயாப்சி ஒன்றில் வளைந்த பாக்டீரியாக்களைப் பார்த்தார். அமிலம் நிறைந்த இரைப்பையில் கிருமி வாழாது என்பது அன்றைய பாடம். அவர் வெள்ளிச் சாயம் ஏற்றி, தொடர்ந்து தேடிப் பார்த்தார். 1981-இல் பாரி மார்ஷல் சேர்ந்துகொண்டார். வயிற்றுப்புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. பெரிய கருவி எதுவும் இல்லை, அன்றாட ஸ்லைடுதான். எனவே எங்கள் மாணவர்கள் 'இது ஏன் இப்படி இருக்கிறது?' என்று கேட்ட ஸ்லைடுகளை, விடை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் போடலாம் என்று முடிவு செய்தேன்.

அந்தப் பகுதியில்தான் எச்சரிக்கையும் அதிகம் தேவைப்பட்டது. ஸ்லைடின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் லேபிளில் எண் இருக்கும், சில இடங்களில் பெயரும் இருக்கும். ஸ்கேனர் லேபிளையும் சேர்த்தே படமெடுத்துக் கோப்புக்குள் வைத்துவிடும். திரையில் தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. பெயரை நீக்கினாலும் அரிய நோய், வயது, அறுவை நடந்த தேதி மூன்றும் சேர்ந்தால் ஆளை அடையாளம் காட்டிவிடும். ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற நோயாளியிடமிருந்து 1951-இல் எடுத்த திசு அவருக்கே தெரியாமல் ஹீலா என்ற பெயரில் வளர்க்கப்படும் செல்களாக உலக ஆய்வகங்களுக்குப் போனது. 2013-இல் அந்தச் செல்களின் மரபணுத் தொகுப்பைக் குடும்பத்தைக் கேட்காமல் வெளியிட்டு, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றார்கள். இத்தனைக்குப் பிறகும் 'உள்ளுக்குள் சுற்றும் மடல்தானே' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளுக்குள் சுற்றும் மடல் என்று ஒன்று கிடையாது. வயதை 'நடுவயது' என்றும் தேதியை நீக்கியும் எழுதுங்கள். ஒப்புதல் இல்லாத உறுப்புப் படத்தைத் தொடாதீர்கள்.

வெளியாகாத ஆய்வுகளைப் பற்றிச் சுருக்கமாக: மாநாட்டில் போஸ்டர் ஒட்டியதைப் போஸ்டர் என்றே எழுதுங்கள், கண்டுபிடிப்பு என்று எழுதாதீர்கள். பரிசீலனையில் இருக்கும் கட்டுரை செய்தியல்ல. இதழ் குறித்த வெளியீட்டு நேரத்துக்கு முன் வாய் திறந்தால் கட்டுரை எழுதியவருக்குத்தான் சிக்கல்.

நிகழ்ச்சி அறிவிப்புகளில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆராய்ச்சிக் கட்டுரை வாசிப்பு, ஸ்லைடு கருத்தரங்கு, புற்றுநோய்க் குழுக் கூட்டம் என்று வாரம் ஓடும். அறிவிப்பில் தலைமை தாங்குபவர் பெயர், அவருடைய பட்டங்கள், அரங்கின் பெயர். வருபவர்கள் வழக்கமான முகங்கள். ஒருமுறை பட்டங்களை எடுத்துவிட்டு நோயின் சுருக்கத்தை மூன்று வரியில் போட்டேன்: அறிகுறி என்ன, ஸ்கேனில் என்ன, கேள்வி என்ன. விடையைப் போடவில்லை. ஸ்கேன் செய்த ஸ்லைடைப் பார்க்கும் இணைப்பையும் ஒரு வாரம் முன்னதாகவே கொடுத்தோம். ஊகத்தோடு வந்தார்கள், ஊகத்துக்காகச் சண்டையும் போட்டார்கள். கதிரியக்கத் துறை மாணவர்கள் வந்தார்கள், அறுவைத் துறையினர் வந்தார்கள். எங்கள் பல தலை மைக்ரோஸ்கோப்பில் பத்துப் பேர்தான் உட்காரமுடியும் என்பதால், 'முன்கூட்டியே பெயர் கொடுக்கவும், பிந்தி வருபவர்கள் திரையில் பார்த்துக்கொள்ளவும்' என்ற வரியை அறிவிப்பின் அடியில் சேர்க்கவேண்டி வந்தது.